தேனை எடு, வீட்டை எடுக்காதே!
மூணு தலைமுறைத் தேனீ வளர்ப்பில் நான் படித்த பாடங்கள்



குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ரப்பரும் தென்னையும் வாழையும் கலந்து கிடக்கிற மேட்டு நிலம் எங்களுடையது. தேனீ எங்கள் வீட்டுக்குப் புதுசு இல்லை. பாட்டா பானையில் வளர்த்தார். அப்பா பெட்டியில் வளர்த்தார். நான் அதே பெட்டியில் எல்லாத்தையும் தொலைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தவன். புதுசா தேன்பெட்டி வைக்கலாம்னு நினைக்கிறவர்களுக்கு, நான் செய்த தப்பைச் சொன்னால் உங்களுக்கு ஒரு பருவம் மிச்சமாகும். அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

பானைத் தேன்

பாட்டா காலத்தில் வீட்டு இறவாணத்தில் மண்பானை தொங்கும். உள்பக்கம் பழைய தேன்மெழுகைச் சூடாக்கித் தேய்த்து, வாயை மூடி, விரல் நுழைகிற அளவு ஓட்டை மட்டும் விடுவார். மெழுகு வாசத்துக்குக் கூட்டம் பிரிந்து வருகிற தேனீ தானாக வந்து குடியேறும். தீனி கிடையாது, மருந்து கிடையாது. வருசத்துக்கு ஒரு தடவை புகை போட்டு அடையை அறுப்பார்.

ஊரில் பலபேர் அறுக்கும்போது மொத்த அடையையும் அறுத்துவிடுவார்கள். முட்டை, புழு, மகரந்தம் எல்லாம் தேனோடு சேர்ந்து பிழிபடும். தேன் கலங்கலாக வரும், சீக்கிரம் புளிக்கும். கூடு அத்தோடு முடிந்தது. பாட்டா அப்படிச் செய்யமாட்டார். தேன் இருக்கிற ஓர அடையை மட்டும் அறுத்துவிட்டு, புழு இருக்கிற நடு அடையைத் தொடமாட்டார். "மக்களே, தேனை எடு, வீட்டை எடுக்காதே" என்பார். மழைக்காலத்தில் தேனீ எதைத் தின்னும் என்ற கணக்கு அவர் மனசில் இருந்தது.

பானையில் குறையும் உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. ராணி இருக்கா, புழுவுக்கு நோயா, தீனி தீர்ந்துபோச்சா, எதுவும் தெரியாது. தேனும் குறைவுதான். இந்தக் குறையைத்தான் பெட்டி தீர்த்தது.

பானையிலிருந்து பெட்டிக்கு

அடைக்கும் அடைக்கும் நடுவில் தேனீ ஒரு குறிப்பிட்ட இடைவெளியை எப்போதும் விட்டுவைக்கும். அந்த அளவுக்குச் சட்டங்களைத் தொங்கவிட்டால், ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக எடுத்துப் பார்க்கலாம். 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் கண்டுபிடித்தது இதைத்தான். ஆனால் அவர் பெட்டி இத்தாலியத் தேனீ மாதிரி பெரிய ஈக்கு ஏற்றது. நம்ம நாட்டு அடுக்குத் தேனீ உடம்பிலும் சின்னது, கூட்டமும் சின்னது. அதுக்குப் பொருத்தமான சிறிய பெட்டியை 1910-களில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் வடிவமைத்தார். இன்றைக்கும் நாம் வைத்திருக்கிற பெட்டிகளில் பெரும்பாலும் அவர் வழி வந்தவைதான். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் இந்தத் தொழிலைச் சிறு விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். நிலம் இல்லாதவர்கூட நாலு பெட்டி வைத்துப் பிழைக்கலாம் என்பது எங்கள் ஊர்ப்பக்கம் வேர்விட்டது அப்படித்தான்.

பெட்டியில் இரண்டு அறை. கீழே புழு அறை. அதில் ராணி முட்டையிடும், புழு வளரும், மகரந்தமும் கொஞ்சம் தேனும் இருக்கும். மேலே தேன் அறை. அதில் உபரித் தேன். மேல் அறை நமக்கு, கீழ் அறை அவற்றுக்கு. பாட்டா சொன்னதைத்தான் பெட்டி மரத்தில் செய்து காட்டியது.

1991-92

அப்பா நாற்பதுக்கும் மேல் பெட்டி வைத்திருந்தார். தை, மாசியில் எங்கள் வீட்டில் தேன் வாசம்தான். அப்புறம் அந்த நோய் வந்தது. தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய். 1976-ல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டு, பிறகு வட இந்தியாவுக்கு வந்து, 1991-92 வாக்கில் கேரளத்தையும் நம்ம பக்கத்தையும் அடித்துத் துடைத்தது. ஊரில் பெரும்பாலான பெட்டி காலி. அப்பா காலையில் எழுந்து ஒவ்வொரு பெட்டியாகக் காதை வைத்துக் கேட்பார். இரைச்சல் இருக்கா இல்லையா என்று. கடைசியில் ஒன்றிலும் இரைச்சல் இல்லை. அந்த வருசம் மழைக்கு எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்தது தேன்பெட்டிப் பலகைதான். அதுக்கப்புறம் அவர் தேனீயைப் பற்றிப் பேசவே மாட்டார்.

பல வருசம் கழித்து, எங்கள் பழைய பலா மரப் பொந்தில் ஒரு கூட்டம் இருப்பதைப் பார்த்தேன். யாரும் தீனி போடவில்லை, யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் வருசாவருசம் பிழைத்துக் கிடந்தது. நோயைத் தாங்கிய வம்சம் காட்டில் மிச்சம் இருந்திருக்கிறது. அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்த ஈயைப் பிடித்துத்தான் நான் மறுபடி தொடங்கினேன். மூணு வருசத்தில் 14 பெட்டி ஆனது.

ரப்பர் இலையில் வரும் தேன்

எங்கள் பக்கத்துத் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை. வெளியூர் நண்பர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ரப்பர் மரம் மார்கழி வாக்கில் இலை உதிர்த்து, தையில் துளிர்க்கும். மூணு சிற்றிலையும் காம்பில் சேருகிற இடத்தில் சின்னச் சின்ன மது சுரப்பிகள் உண்டு. தளிர் முற்றுகிற அந்தக் கொஞ்ச நாளில் அதில் மது சுரக்கும். தை பாதியிலிருந்து பங்குனி வரை தேன் வரத்து. இதுக்காகவே எங்கள் ஊர்ப் பெட்டிக்காரர்கள் ராவோடு ராவாகப் பெட்டியை லாரியில் ஏற்றிக் கேரளத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவார்கள்.

இதிலும் சிக்கல் உண்டு. துளிர்க்கும் நேரத்தில் மூடுபனி அதிகமானால் தளிரில் சாம்பல் நோய் வந்து இலை கொட்டிவிடும். மாசியில் மழை பெய்தால் மது கழுவிப்போகும். அந்த வருசம் தேன் இல்லை. ரப்பரை மட்டும் நம்பினால் தேனீக்கு மகரந்தமும் போதாது. தென்னை வருசம் முழுக்கப் பூக்கும். மகரந்தமும் மதுவும் தரும். முருங்கை, புளி, புங்கம், நாவல், வேம்பு, தும்பை, தோட்டத்து ஓரத்துத் தொட்டாச்சிணுங்கி, எல்லாம் வேண்டும். களை என்று நாம் சுரண்டி எறிகிறது பாதி தேனீக்குச் சோறு. வரப்பையும் வேலியையும் பூக்க விடுங்கள். ஒரே பயிர் இருக்கிற இடத்தில் தேனீக்கு ஒரு மாசம் விருந்து, பதினொரு மாசம் பட்டினி.

நான் செய்த தப்பு

அந்த 14 பெட்டியில் நல்ல தேன் வந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. பங்குனிக் கடைசியில் மேல் அறையை எடுத்ததோடு நிறுத்தாமல், கீழ் அறையின் ஓரச் சட்டத்தில் இருந்த தேனையும் பிழிந்தேன். "ஈ மறுபடி சேர்த்துக்கொள்ளும், மழைக்குச் சர்க்கரைத் தண்ணி கொடுத்தாப் போச்சு" என்று நினைத்தேன்.

வைகாசி முடிந்ததும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் ஈ வெளியே போக முடியவில்லை. எனக்கு அந்த நேரம் பார்த்து வீட்டில் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரி அலைச்சல். இரண்டு வாரம் பெட்டிப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்து பார்த்தால், ஒன்பது பெட்டி காலி. செத்துக் கிடக்கவில்லை. கூட்டத்தோடு ஓடிப்போய்விட்டது. அடையில் மெழுகு அந்துப்பூச்சி வலை பின்னியிருந்தது.

பசி வந்தால் நாட்டுத் தேனீ உட்கார்ந்து சாகாது, வீட்டை விட்டுப் போகும். அதன் குணம் அது. தப்பு என்னுடையது. சாயங்காலம் அப்பா வந்து காலிப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தார். அத்தனை வருசத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினார். "பாட்டா சொன்னத நீ கேக்கல்ல" என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் சட்டம் இது: புழு அறையில் உள்ள தேன் நமக்குரியது அல்ல. மேல் அறையிலும் கடைசி அறுவடையை எடுப்பதில்லை. சர்க்கரைப் பாகு ஆபத்துக்கு மட்டும். கொடுக்க நேர்ந்தால், சர்க்கரையும் கொதித்து ஆறிய தண்ணீரும் சம எடை கலந்து, பொழுது சாய்ந்தபின், பெட்டிக்குள்ளேயே வைக்கவேண்டும். வெளியே சிந்தினால் பக்கத்துப் பெட்டி ஈ கொள்ளையடிக்க வரும். தேன் வரத்து தொடங்குவதற்கு முன்னாடியே பாகை நிறுத்திவிடவேண்டும். இல்லையென்றால் அந்தச் சர்க்கரைதான் தேன் அறைக்கு ஏறும். நாமே கலப்படக்காரர் ஆகிவிடுவோம்.

பக்கத்து வயல்

அடுத்த அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் மேட்டுக்குக் கீழே ஒரு அண்ணன் பாவற்காயும் பயறும் பந்தல் போட்டிருந்தார். ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு மருந்து அடித்திருக்கிறார். மத்தியானம் பெட்டி வாசலில் ஈ குவியல் குவியலாகக் கிடந்தது. சில ஈ நாக்கை நீட்டியபடி, சில ஈ சுற்றிச் சுற்றி வந்து விழுந்தபடி. கையில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் கொட்டினேன்.

"தம்பி, எனக்க வயல்ல நான் மருந்து அடிக்கக்கூடாதுன்னு சொல்ல நீ யாரு? காயில புழு விழுந்தா கடன் நீ கெட்டுவியா?" என்றார்.

எனக்கு அந்த நேரம் பதில் இல்லை. அவர் கேட்டதும் நியாயம்தான். ரெண்டு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு நானே போய், "அண்ணே, மருந்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல. ரெண்டு பெட்டியை ஒங்க பந்தல் பக்கம் ஒரு பூப்பு மட்டும் வச்சுப் பாக்கலாமா" என்று கேட்டேன். பாவையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஈ வந்து மகரந்தத்தைச் சுமக்காவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். அந்தப் பூப்பில் காய் கோணாமல் நீளமாகப் பிடித்ததை அவரே பார்த்தார்.

அவர் இன்றைக்கும் இயற்கை விவசாயி ஆகவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் இப்போது அடிப்பதென்றால் முந்தின நாள் போன் பண்ணுகிறார். சாயங்காலம், ஈ அடங்கினபிறகு அடிக்கிறார். இமிடாகுளோபிரிட் மாதிரி செடிக்குள்ளேயே ஊடுருவி மதுவிலும் மகரந்தத்திலும் கலக்கிற மருந்தைப் பூக்கும் காலத்தில் விட்டுவிட்டார். புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருக்கிறார். தேனீ ஒரு கிலோமீட்டர் வரை மேயப் போகும். நம் நிலம் மட்டும் இயற்கையாக இருந்தால் போதாது. அக்கம்பக்கத்தோடு உறவும் வேண்டும்.

நமக்கும் ஒரு எச்சரிக்கை. இயற்கைக் கரைசல் என்பதால் தேனீக்குத் தீங்கில்லை என்று நினைக்கவேண்டாம். வேப்பெண்ணெய்க் கரைசலோ, இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலோ, மேய்ந்துகொண்டிருக்கிற ஈ மேல் பட்டால் அதுக்குக் கேடுதான். பூத்த பயிரில் காலையில் தெளிக்காதீர்கள். தெளிப்பு எதுவானாலும் பொழுது சாய்ந்து.

புதுசாக வைப்பவர்களுக்கு

ஒன்று: ஒரு பெட்டியோடு தொடங்காதீர்கள், இரண்டு வையுங்கள். ஒன்று மந்தமாக இருந்தால் மற்றதோடு ஒப்பிட்டுத்தான் தெரியும்.

இரண்டு: நிழலான, மழைத்தண்ணி தேங்காத இடம். முழங்கால் உயரத்துக்குத் தாங்கி. தாங்கியின் அடியில் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம். கிண்ணத்தில் தண்ணி வற்றிய ராத்திரி எறும்பு ஏறிவிடும், தினமும் பாருங்கள். பக்கத்தில் கல் போட்ட தண்ணித்தட்டு வையுங்கள். ஈ மூழ்காமல் குடிக்கும்.

மூன்று: வாரம் ஒரு தடவை, வெயில் ஏறுமுன் திறந்து பாருங்கள். கதம்பைப் புகை கொஞ்சம் போதும். ராணியைத் தேடி நேரம் கழிக்கவேண்டாம். அறையின் அடியில் நட்டுவைத்த மாதிரி புது முட்டை தெரிந்தால் ராணி இருக்கிறது என்று அர்த்தம்.

நான்கு: ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம் பெருகும். சட்டத்தின் அடி ஓரத்தில் நிலக்கடலை மாதிரி ராணி அறை தொங்கினால், கூட்டம் பிரியப்போகிறது. அப்போது நாமே பிரித்துவிடலாம். முட்டையும் இளம்புழுவும் உள்ள மூன்று சட்டத்தை ஈயோடு புதுப் பெட்டிக்கு மாற்றி, இரண்டு பெட்டியையும் பழைய இடத்துக்கு இரு பக்கமும் அரை அடி தள்ளி வைத்தால், மேயப்போன ஈ இரண்டுக்கும் பங்காக வரும். ராணி இல்லாத பாதி புது ராணியை உண்டாக்கிக்கொள்ளும். ஒரு மாசத்துக்குள் புது முட்டை தெரியவேண்டும். தெரியாவிட்டால் பழையதோடு சேர்த்துவிடுங்கள்.

ஐந்து: மூடி போடாத தேனை எடுக்காதீர்கள். அடையில் முக்கால் பாகமாவது மெழுகு மூடியிருந்தால்தான் தண்ணி வற்றிய தேன். அவசரப்பட்டு எடுத்தால் புளித்துப் பொங்கும். எடுத்ததைத் துணியில் வடிகட்டி, சில நாள் வைத்து நுரையை நீக்கினால் போதும். நேரடியாகத் தீயில் காய்ச்சாதீர்கள்.

ஆறு: ரப்பர்த் தேன் சீக்கிரம் உறையும். "சர்க்கரை கலந்துட்டான்" என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில் வைத்து இளக்கிக் காட்டினேன். உறைவது கலப்படத்தின் அடையாளம் அல்ல. எறும்பு மொய்க்காது, தீக்குச்சியில் எரியும் என்கிற சோதனைகளையும் நம்பாதீர்கள். ஆய்வகமும் தெரிந்த உழவரும்தான் சரியான சோதனை. விற்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். ஒரு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தேன் கொடுக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"இத்தாலியத் தேனீ வச்சா தேன் கூட வருமே?" என்று கேட்பார்கள். வரும். ஆனால் அதுக்குத் தீனி அதிகம் வேண்டும். உண்ணிப் பேன் தாக்கினால் நாட்டு ஈ தானே கொத்தி எடுத்துச் சமாளிக்கும். இத்தாலிய ஈயால் அந்த அளவு முடியாது. ரெண்டு ஏக்கர் பலபயிர் விவசாயிக்கு நாட்டு ஈதான் கட்டும். அதுவும் பயம் என்றால், சுவர்ப்பொந்தில் இருக்கிற கொசுத் தேனீயை மூங்கில் குழாயிலோ சின்னப் பெட்டியிலோ வளர்க்கலாம். கொட்டாது. தேன் கொஞ்சம்தான், மகரந்தச் சேர்க்கை பெரிசு.

இந்த வருசம்

இப்போது என்னிடம் 22 பெட்டி. போன மாசம் இரண்டில் அந்தப் பழைய நோயின் அறிகுறி தெரிந்தது. முதிர்ந்த புழு அறையில் தலையைத் தூக்கியபடி செத்துக் கிடந்தது. ஊசியால் எடுத்தால் தண்ணி நிறைந்த சின்னப் பை மாதிரி முழுசாக வந்தது. கை நடுங்கியது. அப்பா காதை வைத்துக் கேட்டது ஞாபகம் வந்தது.

இதுக்கு மருந்து கிடையாது. கிருமிக்கொல்லி மாத்திரை கரைத்து ஊற்றச் சொல்பவர்களை நம்பாதீர்கள். நச்சுயிரியை அது ஒன்றும் செய்யாது, தேன்தான் கெடும். நான் செய்தது இவ்வளவுதான்: அந்த இரண்டையும் தனியே தோட்டத்தின் கடைசிக்கு மாற்றினேன். அதன் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றவில்லை. அதைத் தொட்டால் கையையும் கத்தியையும் கழுவாமல் மற்றதைத் தொடவில்லை. நோய்ப்பட்ட அடையை எடுத்து எரித்தேன். ராணியைக் கூண்டில் அடைத்து முட்டையிடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தினேன். புழு இல்லாவிட்டால் நோய் தொடர முடியாது. ஒன்று தேறி வருகிறது. இன்னொன்று இன்னும் சொல்ல முடியாது.

அந்த இரண்டிலிருந்தும் நான் கூட்டம் பிரிக்கமாட்டேன், தேறினாலும் சரி. புது ராணியை நோய் தாங்கிய பெட்டியிலிருந்துதான் எடுப்பேன். நெல்லில் நாம் விதை தெரிந்தெடுப்பது மாதிரித்தான் இதுவும். பலா மரப் பொந்துக் கூட்டத்தையும் யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். 1992-க்குப் பிறகு எங்களுக்கு விதை அங்கேதான் கிடைத்தது. மறுபடி தேவைப்பட்டாலும் அங்கேதான் போகவேண்டும்.

உங்கள் தோட்டத்திலும் ஒரு பொந்து மரம் இருக்கும். விறகுக்கு விலை பேச ஆள் வருவான். வெட்டுவதற்கு முன், ஒரு காலை வேளையில் போய் அதன்மேல் காதை வைத்துக் கேளுங்கள்.